இடதுகைக்காரர் வாங்கும் முதல் வார்மின்ட் ரைஃபிள்: இடப்பக்க போல்ட் அவசியமா?

பஞ்சுக்காட்டான் (லப்பக், டெக்சஸ்) | #1

எல்லோருக்கும் வணக்கம். லப்பக்கில் பருத்தி ஆலை இயந்திரங்கள் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். ஊருக்கு வடக்கே ஒரு நண்பரின் குடும்பத்துக்குப் பருத்திக் காடும் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன. மேய்ச்சல் பக்கம் முழுக்க பிரெய்ரி டாக் (கூட்டமாக வளை தோண்டி வாழும் அணில் இன விலங்கு) வளைகள். கன்று ஈனும் காலத்தில் கயோட்டி (நரி போன்ற காட்டு விலங்கு) தொல்லை வேறு. "நீயும் வந்து சுடு" என்று அவர் அப்பா அனுமதி கொடுத்திருக்கிறார். இதுவரை நண்பரின் கனத்த பேரல் (குழல்) .22-250 (ஒரு தோட்டா வகை) ரைஃபிளை இரவல் வாங்கித்தான் சுட்டேன். அது வலதுகை போல்ட், அதாவது வெற்றுக்கூட்டை வெளியே எடுத்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடி வலப்பக்கம்.

நான் இடதுகைக்காரன். சாப்பிடுவது மட்டும் வலது கை, அம்மா விடவில்லை. மற்றதெல்லாம் இடது. இப்போது சொந்தமாக ஒரு வார்மின்ட் ரைஃபிள் (இந்த மாதிரி தொல்லை விலங்குகளைச் சுடுவதற்கானது) வாங்கலாம் என்று இருக்கிறேன். ஸ்கோப்போடு சேர்த்து 1500 டாலருக்குள் முடிய வேண்டும். கேள்விகள் இவைதான்: இடப்பக்க போல்ட் தேடி வாங்க வேண்டுமா, அல்லது வலதுகை ரைஃபிளே போதுமா? எந்தத் தோட்டா? எந்தக் கம்பெனி? கடைக்காரர் வலதுகை ரைஃபிளைத் தள்ளிவிடப் பார்க்கிறார், "எல்லா லெஃப்டியும் பழகிக்கொள்வார்கள்" என்கிறார்.

நொட்டாங்கை நாட்டாமை (ஜில்லெட், ஒயோமிங்) | #2

தம்பி, கடைக்காரர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: உன் கை தெரிந்துவிட்டது, கண் எது?

இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று மேலாக வைத்து நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விடு. இரண்டு கண்களும் திறந்திருக்க, தூரத்து மின்கம்பம் ஒன்றை அந்த இடைவெளிக்குள் கொண்டு வா. இப்போது இடது கண்ணை மூடு. கம்பம் அங்கேயே இருந்தால் உன் ஆதிக்கக் கண் வலது. கம்பம் காணாமல் போனால் இடது. எழுதுவது இடது கை, ஆனால் ஆதிக்கக் கண் வலது என்று இருப்பவர்கள் நிறைய. அப்படி இருந்து, இன்னும் பழக்கம் இறுகாத புதியவராகவும் இருந்தால், வலது தோளில் வைத்துச் சுடப் பழகுவதே நல்லது. கடையில் உள்ள எல்லா ரைஃபிளும் உனக்கானதாகிவிடும். பார்த்துவிட்டு வந்து சொல், அப்புறம் பேசுவோம்.

ரவைப்பொடி (ஹேஸ், கேன்சஸ்) | #3

நாட்டாமை கண், கை என்று ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நான் தோட்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரெய்ரி டாக் என்றால் .204 ரூகர். 2004-இல் ரூகர் துப்பாக்கிக் கம்பெனியும் ஹார்னடி தோட்டாக் கம்பெனியும் சேர்ந்து கொண்டு வந்தது. 32 கிரெய்ன் (எடை அளவு) ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் முனை) நொடிக்கு 4200 அடி என்று விளம்பரம் செய்தார்கள். கிட்டத்தட்ட அந்த வேகம் வருகிறது. தோள் உதைப்பே இல்லை, ரவை போய் விழுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். அது பிடிக்கவில்லை என்றால் .22-250. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

பஞ்சுக்காட்டான் | #4

நாட்டாமை அண்ணே, பார்த்துவிட்டேன். கண்ணும் இடதுதான், சந்தேகமே இல்லை. பயன்பாடு: கோடையில் பிரெய்ரி டாக், குளிர்காலத்தில் கயோட்டி. நாள் கணக்கில் பார்த்தால் பிரெய்ரி டாக்தான் அதிகம்.

நொட்டாங்கை நாட்டாமை | #5

சரி, கண்ணும் இடது என்றால் இடது தோள்தான். அதில் பேச்சே வேண்டாம். இனி போல்ட்.

பிரெய்ரி டாக் சுடும்போது நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று யோசி. மடக்கு மேசை, முன்னால் பைபாட் (இருகால் தாங்கி) அல்லது ரெஸ்ட், பின்கட்டைக்குக் கீழே மணல் பை. ரைஃபிள் தானாக நிற்கிறது. இடது கை ட்ரிகரில், வலது கை மணல் பை பக்கம் சும்மா இருக்கிறது. வலதுகை போல்ட் அந்தச் சும்மா இருக்கும் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுட்டதும் வலது கையால் போல்ட்டை இழுத்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளலாம். இடது கை பிடியை விட்டு அசையவே வேண்டாம், கன்னமும் கட்டையை விட்டு எழ வேண்டாம். அதே ரைஃபிளில் வலதுகைக்காரன் ஒவ்வொரு முறையும் ட்ரிகரை விட்டுக் கை எடுத்து போல்ட்டுக்குப் போக வேண்டும். மேசைச் சூட்டில் வலப்பக்க போல்ட் இடதுகைக்காரனுக்கு வசதியே தவிர இடைஞ்சல் இல்லை. பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் வைத்துக் குறி சுடும்) போட்டிக்காரர்கள் போல்ட் ஒரு பக்கம், தோட்டா போடும் வாய் இன்னொரு பக்கம் என்று, போல்ட் ஓடும் கூடான ஆக்‌ஷனையே தனியாகச் செய்யச் சொல்லி வாங்குவதும் இதே மாதிரி காரணத்துக்காகத்தான், ஒரு கை போல்ட்டில் இருக்க, மற்றக் கை தோட்டா போட வேண்டும் என்று.

கடைக்காரர் சொன்னதில் சரியான பாதி இது. மற்ற பாதிக்கு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, முகம். இடது தோளில் வைத்துச் சுடும்போது உன் இடது கன்னம் கட்டையின் வலப்பக்கத்தில் பதிந்திருக்கும். வலதுகை ரைஃபிளில் வெற்றுக்கூடு வெளியேறும் வாயும் அதே பக்கம். பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) துளைந்தாலோ, கூடு கிழிந்தாலோ சூடான வாயு அந்த வாய் வழியாகவும் போல்ட் ஓடும் பள்ளம் வழியாகவும் வரும். வலதுகைக்காரனுக்கு நடுவில் ஆக்‌ஷன் மறைப்பாக நிற்கிறது, உனக்கு நிற்காது. தினமும் நடக்கும் விஷயம் இல்லை. ஆனால் நீயே வெற்றுக்கூட்டில் மருந்தும் ரவையும் வைத்துத் தோட்டா நிரப்பப் போகிறாய் என்றால், அதுவும் ரவைப்பொடியார் மாதிரி வேகத்துக்கு ஆசைப்பட்டு நிரப்பினால், இதை மறக்காதே. எந்த ரைஃபிளாக இருந்தாலும் கண்ணாடி போடாமல் சுடாதே.

இரண்டாவது, கட்டை (ஸ்டாக்). வலதுகை ரைஃபிள் சிலவற்றில் கன்னம் வைக்கும் மேடு இடப்பக்கம் மட்டும் இருக்கும், பிடியில் உள்ளங்கைப் புடைப்பும் வலது கைக்கு என்றே செதுக்கியிருப்பார்கள். கட்டைவிரல் துளை வைத்த ஸ்டாக் என்றால் கேட்கவே வேண்டாம். நாள் முழுக்கச் சுடும் வேலையில் கன்னம் சரியாக உட்காரவில்லை என்றால் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். வலதுகை ரைஃபிள்தான் வாங்குவாய் என்றால் இரு பக்கமும் சமமாக இருக்கும் ஸ்டாக் உள்ளதாகப் பார்.

செல்வி_மலைக்காடு (டுராங்கோ, கொலராடோ) | #6

நாட்டாமை அண்ணா சொன்னது மேசைக்கு. தம்பி கயோட்டியும் என்கிறாரே, அங்கே கதை தலைகீழ்.

கயோட்டிக்கு மேசை கிடையாது. புதருக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, முட்டியிலோ ஷூட்டிங் ஸ்டிக்கிலோ ரைஃபிளைத் தாங்கி, அடிபட்ட முயலின் குரலை ஊதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்தால் ஓட்டமாக வரும். பல நேரம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரும். முதலாவதைச் சுட்ட நொடியில் இரண்டாவது திரும்பி ஓடும். அந்த நேரத்தில் வலப்பக்க போல்ட் வைத்திருக்கும் இடதுகைக்காரர் என்ன செய்வார்? வலது கையால் போல்ட்டைப் பிடிக்கப் போனால் ரைஃபிளைத் தாங்கும் கை அதுதான், முனை கீழே சாயும். இடது கையை ஸ்கோப்புக்கு மேலே சுற்றிக் கொண்டு போனால் முகத்தை எடுக்க வேண்டும். இரண்டும் நேரம் தின்னும், அசைவும் அதிகம். கயோட்டி அசைவைத்தான் முதலில் பார்க்கும்.

என் வீட்டுக்காரர் இடதுகை. அவரிடம் இருப்பது அசல் இடதுகை பிரௌனிங் எக்ஸ்-போல்ட். சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) பின்னால் கட்டைவிரலுக்கு நேராக நடுவில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான், போல்ட்டும் 60 டிகிரி தூக்கினால் போதும், விரல் ஸ்கோப்பில் இடிக்காது. நான் வலதுகை. ஒரே புதரில் முதுகோடு முதுகாக உட்காருவோம். வலதுகைக்காரருக்கு ரைஃபிள் இடப்பக்கம் எளிதாகத் திரும்பும், இடதுகைக்காரருக்கு வலப்பக்கம். ஒரு கூட்டணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாலைப்புறா (டூசான், அரிசோனா) | #7

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஆசை, ஆனால் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா? நண்பர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

மட்டுறுத்துனர் | #8

இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருவதால் ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி வரும், உரிமத்தைக் காட்ட வேண்டும். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

பலரும் கவனிக்காதது இது: உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், ரைஃபிள் அலமாரியில் சும்மா இருந்தாலும் குற்றம்தான். வாங்குவது மட்டுமல்ல, நண்பரின் ரைஃபிளை இரவல் வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதில் சேரும். விசா சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாநிலச் சட்டம் தனி. இழையைத் திசை திருப்ப வேண்டாம், மேற்கொண்டு கேட்பதென்றால் தனி இழை தொடங்குங்கள்.

பஞ்சுக்காட்டான் | #9

நன்றி மட்டுறுத்துனர். எனக்குப் பச்சை அட்டை வந்துவிட்டது, டெக்சஸ் வேட்டை உரிமமும் எடுத்திருக்கிறேன்.

செல்வி அக்கா சொன்னதைப் படித்ததும் குழப்பம் கூடிவிட்டது. மேசைக்கு வலது, கயோட்டிக்கு இடது என்றால் நான் என்ன வாங்குவது? சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 வாங்கினால் போல்ட் பிரச்சினையே இல்லையே?

நொட்டாங்கை நாட்டாமை | #10

ஏஆர் நல்ல வழிதான். பிற்காலத்து ஏஆர்களில் வாய்க்குப் பின்னால் வெற்றுக்கூட்டைத் தள்ளிவிடும் ஒரு புடைப்பு இருக்கிறது, அதனால் இடதுகைக்காரன் முகத்தில் கூடு அடிக்காது. சேஃப்டியை இரு பக்கமும் இருப்பதாக மாற்றிக்கொள்ளலாம், மலிவு. முழுக்க இடதுகைக்கென்றே, இடப்பக்கம் கூடு தள்ளும்படி ஏஆர் செய்து பெயர் வாங்கியது ஸ்டாக் ஆர்ம்ஸ். முன்பு கனெக்டிகட்டில் இருந்தார்கள், பிறகு எங்கள் ஒயோமிங்குக்கே வந்துவிட்டார்கள்.

சைலன்சர் மாட்டினால் மட்டும் பார்த்துக்கொள். வாயு பின்னால் திரும்பி வாய் வழியாக வரும், உன் மூக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

போல்ட்தான் வேண்டும் என்றால் இடதுகைக்கு எப்போதும் நினைவுக்கு வரும் பெயர் சாவேஜ். 110 மாடலை 1958-இல் கொண்டு வந்தார்கள். இடதுகைக்காரர்களைப் பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத காலத்திலேயே சாதாரண விலையில் இடதுகை 110 போட்டார்கள். இன்றும் விலை குறைந்த ஆக்சிஸ் முதல் கனத்த பேரல் வார்மின்ட் மாடல்கள் வரை இடதுகையில் பார்க்கலாம். .22, .17 எச்எம்ஆர் போன்ற ரிம்ஃபயர்களிலும் (சிறிய தோட்டா வகை) உண்டு. பேரலை ஒரு நட் போட்டு இறுக்கியிருப்பதால் பேரல் தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றலாம். அடுத்தது டிக்கா. ஃபின்லாந்தில் சாக்கோ ஆலையில் செய்வது, போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும். பட்ஜெட்டுக்கு ரூகர் அமெரிக்கனிலும் இடதுகை உண்டு. பழைய ரெமிங்டன் 700 இடதுகை கிடைத்தால் ஸ்டாக், ட்ரிகர் என்று எல்லா உதிரியும் சுலபமாகக் கிடைக்கும். ஸ்டாக் மட்டும் மாற்றுவதென்றால் தெற்கு டகோட்டா மிட்சலில் இருக்கும் பாய்ட்ஸ் இடதுகைக்கு மரத்தில் செய்து தருகிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று: எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வலதுகைக்கு பத்து தோட்டா வகை போட்டால் இடதுகைக்கு மூன்றோ நான்கோதான் போடுவார்கள். அட்டவணையில் இருப்பதும் கடைக்கு வராது. மாடலை முடிவு செய்துவிட்டுத் தோட்டா தேடாதே. தோட்டாவை முடிவு செய், அதில் இடதுகையில் எது கிடைக்கிறதோ அதில் நல்லதை எடு.

மெல்பர்ன்வாசி | #11

எங்கள் ஊரில் 1996-க்குப் பிறகு சாதாரணப் பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்கு ஏஆர் பேச்சே கிடையாது. அதனால் நரி, முயலுக்கு எல்லோரும் போல்ட்தான். இடதுகை ரிம்ஃபயர் தேடுபவர்களுக்கு லித்கோ எல்ஏ101 இடதுகையிலும் செய்தார்கள், செக் நாட்டு சிஇசட் 457-இலும் இடதுகை உண்டு. அமெரிக்க நண்பர்கள் சிஇசட்டைக் கொஞ்சம் பாருங்கள். 150 கஜத்துக்குள் என்றால் .17 எச்எம்ஆர் போதுமே?

ரவைப்பொடி | #12

மெல்பர்ன் நண்பரே, லப்பக் காற்றில் ஒருநாள் நின்று பாருங்கள். .17 எச்எம்ஆர் 17 கிரெய்ன் ரவை, நொடிக்கு 2550 அடி. பத்து மைல் குறுக்குக் காற்றில் 200 கஜத்தில் ஓர் அடிக்கு மேல் ஒதுங்கும். பிரெய்ரி டாக் நிமிர்ந்து நின்றாலே அகலம் மூன்று நான்கு அங்குலம்தான். அங்கெல்லாம் பத்து மைல் காற்று என்றால் நல்ல நாள்.

.22-250 வாங்கு தம்பி. 55 கிரெய்ன், நொடிக்கு 3680 அடி. கயோட்டிக்கும் அடி போதும்.

செல்வி_மலைக்காடு | #13

ரவைப்பொடியாரே, நீங்கள் கேரேஜில் ஒரு சின்ன தோட்டா ஆலையே வைத்திருக்கிறீர்கள். கடையில் வாங்கிச் சுடுபவர் நிலைமை வேறு. பிரெய்ரி டாக் காலனியில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் தோட்டா போகும். .204-உம் .22-250-உம் பெட்டி விலை என்ன, .223 பெட்டி விலை என்ன? .223 என்பது 5.56 ராணுவத் தோட்டாவின் உடன்பிறப்பு, மூலைக் கடையிலும் கிடைக்கும். (அதற்காக 5.56 என்று முத்திரை உள்ளதை .223 ரைஃபிளில் போடக்கூடாது, அழுத்தம் அதிகம்.)

இன்னொன்று பேரல் சூடு. .22-250 எரிக்கும் மருந்து .223-ஐ விட மிக அதிகம். வேகமாகச் சுட்டுக்கொண்டே இருந்தால் தொண்டை (ரவை நுழையும் பேரல் தொடக்கம்) சீக்கிரம் தேயும். .223 பேரல் அதைவிட அதிக நாள் உழைக்கும். 300 கஜத்தில் பத்து மைல் காற்றுக்கு .223-இன் 55 கிரெய்ன் ரவை சுமார் பத்து அங்குலம் ஒதுங்குகிறது, .22-250 அதில் இரண்டு அங்குலம் போலக் குறைக்கும். காற்றைப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த இரண்டு அங்குலம் உதவாது, தெரிந்தவருக்குத் தேவைப்படாது.

ரவைப்பொடி | #14

கடைசி வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரிந்தவனுக்குத்தான் அந்த இரண்டு அங்குலம் வேண்டும். ஆனால் விலை விஷயத்தில் அக்கா சொல்வது சரி. .223 வாங்கினால் பேரலின் முறுக்கை (ரவையைச் சுழற்றும் உள்வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதை) பார்த்து வாங்கு தம்பி. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்னோடு நின்றுவிடு. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் 40 முதல் 77 கிரெய்ன் வரை போடலாம். காற்றடிக்கும் ஊரில் கனமான நீள ரவையும் கைவசம் இருப்பது நல்லது. பழைய .22-250 எல்லாம் 14 அங்குல முறுக்கு, கன ரவையை அவை நிலைநிறுத்தாது. இதை எனக்கு எதிராகவே சொல்லிக்கொள்கிறேன்.

புல்வெளி (ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ) | #15

இந்த இழையில் கேட்கப் பிடிக்காத கேள்வியாக இருக்கலாம். தின்னவும் போவதில்லை, தோலும் எடுப்பதில்லை. நூற்றுக்கணக்கில் பிரெய்ரி டாக்கைச் சுட்டுப் போட்டுவிட்டு வருவதில் யாருக்கும் உறுத்தல் இல்லையா? அது வெறும் வளை தோண்டும் எலி இல்லை. அதன் வளையில் ஆந்தை குடியிருக்கிறது, அதைத் தின்று பருந்தும் பேட்ஜரும் வாழ்கின்றன. கருங்கால் ஃபெரட் (கீரி போன்ற சிறு விலங்கு) முழுக்க முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. அந்த ஃபெரட் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1981-இல் ஒயோமிங்கின் மீட்டீட்சி அருகே ஒரு நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்துதான் இருப்பதே தெரிந்தது. லப்பக்கிலேயே மெக்கன்சி பூங்காவில் பிரெய்ரி டாக்குக்கு என்று 1930-களில் இருந்து ஓர் ஊரே வைத்துப் பாதுகாக்கிறார்கள், பஞ்சுக்காட்டான் பார்த்திருப்பார்.

பஞ்சுக்காட்டான் | #16

பார்த்திருக்கிறேன், பிள்ளைகளை அழைத்துப் போகும் இடம் அது. உறுத்தல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நண்பரின் அப்பாவுக்குப் புல்லும் மாடும்தான் வருமானம். மழை தவறிய வருஷம் அந்தக் காலனி இருக்கும் பக்கம் தரை மொட்டையாகிவிடும். நான் சுடவில்லை என்றால் அவர் வளைக்குள் விஷ மருந்து போடுவார். அது ஆந்தையையும் சேர்த்துக் கொல்லும்.

நொட்டாங்கை நாட்டாமை | #17

புல்வெளி சார் கேட்டது நியாயமான கேள்வி. என் பக்கம் இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒன்று, காலனி முழுவதையும் துடைப்பதில்லை. பயிர் ஓரம், வேலி ஓரம், நில உரிமையாளர் காட்டும் இடம், அவ்வளவுதான். இரண்டு, ஈயம். வேகமாகப் போகும் ரவை உடம்புக்குள் தூளாகச் சிதறும். சுட்டுப்போட்டதைக் கழுகும் பருந்தும் வந்து தின்னும், ஈயத்தையும் சேர்த்து விழுங்கும். பார்ன்ஸ் வார்மின்ட் கிரெனேட், ஹார்னடி என்டிஎக்ஸ் என்று ஈயமில்லாத ரவைகள் .204, .223 இரண்டுக்கும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயமில்லாததுதான். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் நம் விருப்பம். விலை கொஞ்சம் கூடும்.

எல்லா பிரெய்ரி டாக்கும் ஒன்றில்லை என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சமவெளியில் இருப்பது கருவால் இனம். யூட்டா மாநிலத்து இனம் கூட்டாட்சிப் பாதுகாப்பில் இருக்கிறது, தொட்டால் வழக்கு. தெற்கு டகோட்டாவில் வெளி மாநிலத்தவருக்குத் தனி வார்மின்ட் உரிமம் உண்டு. அங்கேயே ஃபெரட் விட்டு வளர்க்கும் கோனாட்டா பேசின் பக்கம் சுடத் தடை. புறப்படும் முன் அந்தந்த மாநிலத்து விதிப் புத்தகத்தைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

புல்வெளி | #18

ஈயத்தைப் பற்றி நீங்களே சொன்னதற்கு நன்றி. முழுக்க ஒத்துப்போகவில்லை, ஆனாலும் சரி. ஒரு வேண்டுகோள்: ஒரு காலனியில் திடீரென்று ஒன்றுகூட வெளியே வரவில்லை, அல்லது செத்துக் கிடக்கின்றன என்றால் கிட்டே போகாதீர்கள். பிளேக்காக இருக்கலாம். தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கும் வரும். மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். வளைக்குள் கை விடவே விடாதீர்கள், உங்கள் பக்கம் உள்ளே கிலுகிலுப்பை விரியன் இருக்கலாம்.

நொட்டாங்கை நாட்டாமை | #19

தம்பி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ முதல் பதிவில் போகிற போக்கில் எழுதிய ஒன்றை யாரும் பிடிக்கவில்லை. உன் நண்பரிடம் கனத்த பேரல் .22-250 இருக்கிறது, வலதுகை போல்ட், மேசையில் வைத்து நீ ஏற்கெனவே சுட்டுப் பழகியது. அதை இரவல் கொடுக்க அவருக்கு மனமும் இருக்கிறது. அப்புறம் ஏன் இன்னொரு கனத்த பேரல்?

கனத்த பேரல் வார்மின்ட் ரைஃபிள் ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவைத் தொட்டுவிடும். அதைத் தூக்கிக்கொண்டு கயோட்டிக்கு நடந்து பார், அடுத்த முறை வீட்டிலேயே இருப்பாய். உனக்கு இல்லாதது நடந்து போகவும், தரையில் உட்கார்ந்து சட்டென்று இரண்டாவது சூடு போடவும் தோதான ஒன்று. அதில்தான் இடப்பக்க போல்ட்டுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆகவே அசல் இடதுகை, எடை குறைந்த, எட்டு அங்குல முறுக்கு .223. பிரெய்ரி டாக் நாளிலும் அதை எடுத்துப் போ. பத்துப் பதினைந்து சூட்டில் மெல்லிய பேரல் கொதிக்கும். அப்போது அதன் போல்ட்டைத் திறந்து நிழலில் வைத்துவிட்டு நண்பரின் ரைஃபிளுக்கு மாறு. ஒன்று சூடாக இருக்கும்போது மற்றது ஆறும். இரண்டு பேர் போனாலும் யாரும் சும்மா உட்கார வேண்டாம்.

மிச்சக் காசை ஸ்கோப்பில் போடு. நடுத்தர ரகத்தில் 4 முதல் 16 வரை பெருக்கம் போதும். 25-க்குப் போனால் கானல் அசைவைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாய்.

செல்வி_மலைக்காடு | #20

இதைத்தான் நானும் எழுத வந்தேன். விற்கும்போது இடதுகை ரைஃபிளுக்கு ஆள் கிடைக்கத் தாமதமாகும் என்பார்கள், உண்மைதான். அதே காரணத்தால் பழையது வாங்கும்போது நமக்கு விலை படியும். கடைகளில் இடதுகை ரைஃபிள் மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும். பேரம் பேசுங்கள்.

ரவைப்பொடி | #21

.204 யாரும் வாங்கப் போவதில்லை என்று புரிகிறது. சரி. .223-க்குத் தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் சொல், அதற்கு நான் இருக்கிறேன். புத்தகத்தில் உள்ள குறைந்த அளவில் தொடங்குவோம், நாட்டாமை முகத்தைப் பற்றிச் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது.

பஞ்சுக்காட்டான் | #22

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஆமரில்லோவில் ஒரு கடையில் பழைய டிக்கா டி3, இடதுகை, .223 நிற்கிறது. ஸ்டாக்கில் இரண்டு கீறல், மற்றபடி சுத்தம். ஸ்கோப் இல்லை. செல்வி அக்கா சொன்னபடியே பல மாதமாக நிற்கிறதாம். பேரலில் முறுக்கு அளவு எதுவும் குறிக்கவில்லை. டி3-இல் 12-உம் வந்திருக்கிறது, 8-உம் வந்திருக்கிறது என்று படித்தேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

நொட்டாங்கை நாட்டாமை | #23

சுலபம். போல்ட்டைக் கழற்றிவிட்டு அறை காலியா என்று கண்ணால் பார். சுழலும் கைப்பிடி உள்ள துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி கட்டி, பேரலுக்குள் கொஞ்சம் தள்ளு. கம்பியில் ஒரு பட்டை ஒட்டி, அதன் மேல் பேனாவால் மேல்பக்கம் ஒரு புள்ளி வை. பேரல் விளிம்புக்கு நேராகக் கம்பியில் இன்னொரு குறி. இப்போது மெதுவாகத் தள்ளு, கம்பி முறுக்கோடு சேர்ந்து சுழலும். புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்போது நிறுத்து. கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ அதுதான் முறுக்கு. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்.

ஸ்கோப் மாட்டுவது பற்றியும் கேட்பாய். டிக்கா ஆக்‌ஷன் மேலேயே பள்ளம் வெட்டியிருக்கும், அதற்கான வளையம் நேராக உட்காரும், இடது வலது பேதம் இல்லை. ஒரே துண்டு ரெயில் (ஸ்கோப் பொருத்தும் நீளத் தகடு) வாங்கினால் மட்டும் வாய்ப் பக்கம் குறுக்கி வெட்டியது எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்கு, பல ரெயில்கள் வலதுகைக்கு என்றே வரும்.

பஞ்சுக்காட்டான் | #24

அளந்து பார்த்தாயிற்று. எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் புள்ளி திரும்பி வந்தது. கடைக்காரரும் ஆர்வமாக வந்து பார்த்தார், அவருக்கே தெரியாதாம். ஐம்பது டாலர் குறைத்தார். சனிக்கிழமை எடுக்கப் போகிறேன். ரவைப்பொடி சார், தோட்டா நிரப்புவது பற்றித் தனிமடல் அனுப்புகிறேன்.